கிறிஸ்தவ வானொலியா, ஒலி வேதாகமமா, கீர்த்தனைப் புத்தகமா?

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற ஒருவர் வாரநாட்களில் கிறிஸ்தவ வானொலியைத் திறப்பதில்லை என்றால், விசுவாசக் குறைவு என்றுதான் சுற்றத்தார் முதலில் நினைப்பார்கள். என் காரணம் வேறு. கோயிலோடு ஏற்கெனவே ஒட்டியிருப்பவருக்கு வானொலியைவிட நல்லவை கையெட்டும் தூரத்திலேயே கிடக்கின்றன.

முதலில் அலை. இலங்கையின் புத்தளத்திலிருந்து 882 கிலோஹேட்ஸ் மத்திய அலையில் வரும் ட்ரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ என்ற கிறிஸ்தவ நிலையம் தென்னிந்தியாவை நோக்கிய ஒலிபரப்பு. கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடிக்குள் கொங்கிறீற்றுக் கம்பி மத்திய அலையை மறிக்கும். எல்ஈடி பல்பும் போன் சார்ஜரும் இரைச்சலைக் கொட்டும். சார்ஜரைக் கழற்றிவிட்டு, ரேடியோவை யன்னலோரம் வைத்து மெல்லத் திருப்பிப் பாருங்கள்; உள்ளே ஏரியலாக இருக்கும் ஃபெரைட் கோலின் முனை நிலையத்தைப் பார்த்திருந்தால் ஒலி மங்கும், பக்கம் பார்த்திருந்தால் தெளியும். இருட்டிய பிறகு தரையால் வரும் அலையும் வானில் பட்டுத் திரும்பும் அலையும் கலந்து குரல் ஏறி இறங்கும். இணைய வானொலிக்கு இந்தத் தொல்லை இல்லை. விநாடிக்கு 64 கிலோபிட் ஓடும் நிலையத்துக்கு மணிக்கு 29 எம்பி போகும். தினம் 2 மணித்தியாலம் கேட்டால் மாதம் 1.7 ஜிபி.

ஆனால் நான் விலகி நிற்பது இரைச்சலுக்காக அல்ல. வசனம் துண்டு துண்டாக வருகிறது, அதுதான் எனக்குப் பெரிய குறை. நல்ல எதிர்காலம் தருவேன் என்று கடவுள் சொல்லும் எரேமியா 29:11 வாக்குத்தத்த வசனமாக எத்தனையோ முறை காதில் விழும். அதற்கு முந்தின வசனத்தில் பாபிலோனில் 70 வருடம் நிறைவேற வேண்டும் என்று இருப்பதை யாரும் சேர்த்து வாசிப்பதில்லை. அந்த 70 வருடத்தை எடுத்துவிட்டால் ஆறுதல் வெறும் நல்வாக்காகிவிடும். கோயிலில் போதகர் அப்படிப் பேசினால் வாசலில் நிறுத்திக் கேட்கலாம். வானொலியில் பேசுகிறவரை யார் கேட்பது? காணிக்கைக்கான அழைப்பு மட்டும் நேரம் தவறாமல் வரும் நிகழ்ச்சிகளும் உண்டு.

இன்னொன்று, திருச்சபை ஆண்டு. ஈஸ்டருக்கு முந்திய தவக்காலமான லெந்து காலத்தில் கத்தோலிக்க வழிபாட்டில் அல்லேலூயா பாடுவதில்லை. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் கோயில்களிலும் அந்த நாட்களின் பாட்டுக்கு ஓர் அடக்கம் இருக்கும். நாள் முழுக்க ஓடும் இணைய வானொலிக்கு லெந்து தொடங்கும் சாம்பல் புதனும் ஒன்றுதான், உயிர்த்த ஞாயிறும் ஒன்றுதான்.

ஒலி வேதாகமம் வானொலியின் இந்தக் குறைகளில் பாதியைத் தீர்க்கும். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒன்று கேட்டால் 52 வாரத்தில் சரியாக முடியும். வைஃபை உள்ள இடத்தில் புத்தகம் புத்தகமாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். பலர் சறுக்குவது கோப்பின் பெயரில். சங்கீதப் புத்தகத்தின் கோப்புகளுக்குச் சங்கீதம் 1, 2, 10 என்று பெயர் வைத்தால், எழுத்து வரிசைப்படி அடுக்கும் செயலிகளில் 1-க்குப் பிறகு 10, பிறகு 100, கடைசியில்தான் 2 வரும். 001, 002 என்று வைத்தால் ஒழுங்காக ஓடும். ஷஃபிள் பொத்தானும் அணைந்திருக்க வேண்டும். பின்னணி இசையோடு நாடகமாக வாசித்த பதிப்பை விடுங்கள். கொழும்பின் காலி வீதியில் ஓடும் பஸ் இரைச்சலில் இசைதான் மிஞ்சும், சொல் அமுங்கிப்போகும். ஒற்றைக் குரல் பதிப்பே பயணத்துக்கு ஏற்றது.

மீதிப் பாதிக்குக் கீர்த்தனைப் புத்தகம். என் மனம் அதிகம் சாய்வது இதன் பக்கம்தான். வானொலியில் பெரும்பாலும் பல்லவியும் இரண்டு சரணமும்தான் வரும், நேரம் அவ்வளவுதான். பாட்டின் கருத்து விரிவது பின்சரணங்களில். மன்றாட்டாகத் தொடங்கின கீர்த்தனை ஐந்தாம் சரணத்தில்தான் நன்றியாக மாறும். புத்தகத்தில் தலைப்பின் கீழே ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். மெட்டுத் தெரியாவிட்டால் பாடகர் குழுவில் ஒருவரிடம் கேட்டுப் போனில் பதிந்து கொள்ளுங்கள். வீட்டில் பாடும்போது வரும் பிழை சுருதியில். பல்லவியை வசதியாகத் தொடங்கிவிடுவோம். சரணம் மேலே ஏறும்போது ஆண்குரல் உடையும். சரணத்தின் உச்ச வரியை முதலில் முணுமுணுத்துப் பார்த்து, அது எட்டுகிற சுருதியைத் தம்புரா செயலியில் வைத்துவிட்டுப் பிறகு பல்லவிக்கு வாருங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரே ஒரு கீர்த்தனை, எல்லாச் சரணமும்: அவ்வளவு போதும்.

ஞாயிறு தவறினால் சொந்தக் கோயிலின் பிரசங்கப் பதிவு இருக்கிறது. விநாடிக்கு 32 கிலோபிட்டில் 30 நிமிடம் 7 எம்பிதான். போனை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைத்தால் ஒலி உடையும், பிரசங்க பீடத்தில் வைக்க வேண்டும். அனுப்புமுன் மன்றாட்டில் சொன்ன நோயாளிகளின் பெயர்களை வெட்டிவிடுங்கள். அவை வாட்ஸப்பில் சுற்றக்கூடாது.

படுக்கையில் இருப்பவர்கள், கண் பார்வை குறைந்தவர்கள், கோயில் தூரமான தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இருப்பவர்களுக்கு நான் சொன்ன எதுவும் பொருந்தாது. அவர்களுக்கு வானொலியே துணை. வயதானவருக்கு ஸ்மார்ட்போன் கொடுத்துத் திண்டாட வைக்காமல், திருகு உள்ள சிறிய ரேடியோவை வாங்கி, நிலையம் பிடிக்கும் இடத்தில் திருகின் மேலும் அதற்கு நேரே பெட்டியின் மேலும் ஒவ்வொரு துண்டு பிளாஸ்டர் ஒட்டிக் கொடுங்கள். விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார்கள்.