மருத்துவக் கல்லூரிப் பட்டியலில் எதை மேலே வைப்பது?

நீட் தரவரிசை வெளியாகிவிட்டால் வீட்டில் பேச்சு ஒன்றே ஒன்றுதான்: கலந்தாய்வில் எந்தக் கல்லூரியை முதலில் போடுவது? என் தங்கை இந்த ஆண்டு அந்த நிலையில் இருக்கிறாள். நான் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் படித்தவள். சென்னையில் ஓர் அரசுக் கல்லூரியும் என் தரவரிசைக்கு எட்டும் என்று தெரிந்தேதான் தஞ்சாவூரை அதற்கு மேலே வைத்தேன். ஆகவே நான் சாய்வது மாவட்டங்களில் உள்ள பழைய அரசுக் கல்லூரிகளின் பக்கம். மதுரை, தஞ்சாவூர், திருநெல்வேலி, கோவை போன்றவற்றைச் சொல்கிறேன்.

கட்டணத்தைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் ஆயிரங்களில் முடிந்துவிடும். சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடமே 4 லட்சத்தைத் தாண்டும்; நிர்வாக ஒதுக்கீடு அதைப்போல் மும்மடங்கு; நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் 20 லட்சத்துக்கு மேல். புதுச்சேரியில் உள்ள மத்திய அரசின் ஜிப்மர் கிடைத்தால் யோசிக்காமல் சேர்ந்துவிடலாம். அது மாநிலக் கலந்தாய்வில் வராது. அகில இந்தியக் கலந்தாய்வுக்குத் தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும்.

ஆனால், 2020 முதல் நடைமுறையில் இருக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வரும் அரசுப் பள்ளி மாணவர்களுக்குச் சுயநிதிக் கல்லூரியிலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பணத்தைக் கழித்துவிட்டால் எந்தக் கல்லூரி நல்லது என்ற கேள்வி அவர்களுக்குத்தான் கூர்மையாக எழுகிறது. அவர்களில் பலர் வீட்டுக்குப் பக்கம், விடுதி நன்றாக இருக்கிறது, கட்டடம் பளபளக்கிறது என்று முடிவெடுப்பதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

என்னைக் கேட்டால் முடிவை மாற்றக்கூடிய விஷயம் ஒன்றுதான்: அங்கே நோயாளிகள் வருகிறார்களா, அவர்களிடம் மாணவர் எவ்வளவு நெருங்க முடிகிறது? பாடப் புத்தகம் எல்லாக் கல்லூரிக்கும் ஒன்றுதான். தேர்வுக்குப் படிக்க இணைய வகுப்புகள் இருக்கின்றன. வீங்கிய மண்ணீரலின் விளிம்பு, நோயாளி மூச்சை இழுக்கும்போது விரல் நுனியில் வந்து இடிப்பதை மட்டும் எந்தத் திரையும் கற்றுத் தராது. அதற்கு அப்படியொரு மண்ணீரல் உள்ளவர் வார்டில் படுத்திருக்க வேண்டும். நமக்கு முன்னால் பத்துப் பேர் தொட்டுப் பார்த்துக் களைத்துப்போகாதவராகவும் அவர் இருக்க வேண்டும்.

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகளின்படி 100 இடங்கள் உள்ள கல்லூரிக்கு 420 படுக்கைகளும், 150 இடங்களுக்கு 605 படுக்கைகளும் வேண்டும். காகிதத்தில் எல்லாக் கல்லூரியும் இதைத் தாண்டிவிடும். படுக்கையில் யார் படுத்திருக்கிறார் என்பதில்தான் வித்தியாசம்.

காவிரிப் படுகையில் அறுவடைக் காலம் வந்தால் பாம்புக்கடி வரும். வயலில் கண்ணாடி விரியன் கடித்தவரைக் கொண்டுவந்தால், சி.ஆர்.ஆர்.ஐ. எனப்படும் பயிற்சி மருத்துவர் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, இரண்டு மில்லி ரத்தம் எடுத்து உலர்ந்த புதிய கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்திருப்பது. அதற்குள் உறவினர்கள் சுற்றி நின்று கேள்வி கேட்பார்கள். இன்னொரு கட்டிலில் பூச்சிமருந்து குடித்தவர் வந்துவிடுவார். நேரம் ஆனதும் குழாயை ஒரே ஒரு முறை சாய்க்க வேண்டும். ரத்தம் உறைந்து நின்றால் நமக்கு நிம்மதி மூச்சு வரும். தண்ணீர் மாதிரி ஓடினால் விஷமுறிவு மருந்து ஏறியாக வேண்டும்.

கட்டுவிரியன் இன்னும் கொடியது. தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று வருவார். கடித்த தடமே தெரியாது. இமை சற்றே கீழே இறங்கியிருப்பதை யாராவது கவனித்தால்தான் பிழைப்பார். எனக்குக் கற்பித்த ஓர் உதவிப் பேராசிரியர், வயிற்று வலி என்று வந்த ஒருவரின் முகத்துக்கு நேரே விளக்கைப் பிடித்து, "மேலே பாருங்கள் ஐயா" என்று விரலைத் தூக்கிக் காட்டினார். அந்த இமைகள் விரலைத் தொடர முடியாமல் நின்றுவிட்டதைப் பார்த்தேன். இன்றும் விடியற்காலையில் வயிற்று வலி என்று யார் வந்தாலும் முதலில் நான் பார்ப்பது கண்ணைத்தான்.

பிரசவமும் அப்படியே. தஞ்சாவூரில் மகப்பேறு, ஊருக்குள் இருக்கும் ராசா மிராசுதார் மருத்துவமனையில். கல்லூரி இருப்பது வல்லம் சாலையில். இந்த அலைச்சலைப் பலர் குறையாகச் சொல்வார்கள். ஆனால் அந்தப் பிரசவ அறையில் நின்றவருக்குப் பிறகு எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை கிடைத்தாலும் கை நடுங்காது.

சென்னைக் கல்லூரிகளின் பெருமையை நான் குறைக்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரி 1835-இல் தொடங்கியது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் மகப்பேறு மருத்துவமனையும் அதன் கீழ் இருக்கின்றன. அபூர்வ நோய்கள் கடைசியில் வந்து சேரும் இடம் அது. ஆராய்ச்சியில் நாட்டம் உள்ளவருக்கும், எந்தச் சிறப்புத் துறை என்று இப்போதே தீர்மானித்துவிட்டவருக்கும் சென்னைதான். சிக்கல் எங்கே என்றால், நோயாளிக்கும் இளநிலை மாணவருக்கும் நடுவில் நிற்கும் வரிசையில். முதுநிலை மாணவர்கள் மூன்று ஆண்டினரும் இருப்பார்கள். அதற்கு மேல் உயர்சிறப்புப் படிப்பில் இருப்பவர்கள். நெஞ்சில் ஊசி போட்டு நீர் எடுப்பதென்றால் அது முதுநிலை மாணவரின் கைக்குத்தான் போகும், அதுதான் நியாயமும்கூட. எட்டிப் பார்ப்பதற்கே தோள்களுக்கிடையில் இடம் தேட வேண்டும் என்று அங்கே படித்த நண்பர்கள் சொல்வார்கள். பழைய மாவட்டக் கல்லூரிகளிலும் முதுநிலை உண்டு. ஆனால் நான் படித்த இடத்தில் அந்த வரிசை என் கைவரை வந்தது.

இனிப் புதிய கல்லூரிகள். 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் 11 அரசுக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. விருதுநகர், நாமக்கல், திருப்பூர், அரியலூர், நாகப்பட்டினம், நீலகிரி என்று மொத்தம் 1,450 இடங்கள். இங்கே நான் கொஞ்சம் அடக்கித்தான் பேச வேண்டும். முதல் அணியினரின் பயிற்சி ஆண்டு முடிந்து அவர்கள் வேலைக்கு வந்த பிறகுதான் உறுதியாகப் பேச முடியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே படிக்கும் இரண்டொருவர் சொன்னது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் தொடர்ச்சியாக வந்தவை இவை என்பதால் நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. அரியலூரிலும் நாகப்பட்டினத்திலும் அதே பாம்புகள்தான் கடிக்கின்றன. முதுநிலை மாணவர் கூட்டம் குறைவு என்பதால் கைக்கு வேலை கிடைக்கும் என்றே நினைக்கிறேன். குறை இதுதான்: நிலைமை மோசமானால் நோயாளியைப் பக்கத்துப் பழைய கல்லூரிக்கு அனுப்பிவிடுவார்கள், அதன்பின் என்ன ஆயிற்று என்பது மாணவருக்குத் தெரியாது. ஒரு நோயின் பாதிக் கதையைத்தான் பார்ப்பார். ஆனாலும் கட்டணம் செலுத்திச் சுயநிதிக்குப் போவதைவிடப் புதிய அரசுக் கல்லூரி மேல் என்பதில் எனக்குத் தயக்கமில்லை.

சுயநிதி, நிகர்நிலைக் கல்லூரிகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. பல ஆண்டுகளாக மருத்துவமனையை உண்மையாக நடத்திவரும் சில கல்லூரிகளில் கூட்டம் நிரம்பி வழிகிறது; வேலூர் சி.எம்.சி.யை இந்தக் கணக்கிலேயே சேர்க்க முடியாது. ஆய்வகம், நூலகம், பயிற்சிக்கான பொம்மை உடல்கள் ஆகியவற்றில் தனியார் பல இடங்களில் அரசை முந்திவிட்டது. ஆனால் என் தோழி படித்த ஒரு கல்லூரியில் ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் வார்டு நிறையும். மற்ற நாள்களில் ஒரே நோயாளியைப் பல மாணவர்கள் மாறி மாறிக் கேட்டு, கடைசியில் அவரே தன் நோயின் பெயரையும் சேர்த்து ஒப்பிக்கத் தொடங்கிவிட்டாராம்.

இதை நேரில் போய்க் கண்டுபிடிப்பது எளிது. விடுமுறை இல்லாத ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குப் புறநோயாளிப் பிரிவில் போய் நில்லுங்கள். விடுதியையும் கலையரங்கத்தையும் சுற்றிக் காட்ட வருபவருக்கு நன்றி சொல்லிவிட்டு, ஒரு பயிற்சி மருத்துவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள்: நீங்களே பார்த்த பிரசவம் எத்தனை? முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்திருக்கிறீர்களா? செய்த வேலைகளைப் பதியும் லாக் புக்கில் செய்யாததற்கும் கையெழுத்து வாங்க வேண்டியிருந்ததா? மூன்றாவது கேள்விக்கு அவர் பதில் சொல்லும் முன் எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்பதையும் பாருங்கள்.

பட்டியல் நிரப்பும்போது, போன ஆண்டு கடைசி மதிப்பெண்ணைப் பார்த்துப் பயந்து விருப்பமான கல்லூரியைக் கீழே தள்ளாதீர்கள். ஒதுக்கீடு மேலிருந்து கீழாகத்தான் பார்க்கப்படுகிறது. எட்டாத கல்லூரியை முதலில் போடுவதால் எட்டக்கூடியது பறிபோகாது. தங்கைக்கு நான் எழுதிக் கொடுத்த வரிசையில் மதுரை, தஞ்சாவூர், திருநெல்வேலி, கோவை முதலில், அடுத்துச் சென்னையின் அரசுக் கல்லூரிகள், பிறகு மற்ற பழைய அரசுக் கல்லூரிகள், அதன்பின் புதியவை. குழந்தை மருத்துவம்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருப்பதால், அவள் சென்னை மருத்துவக் கல்லூரியை மட்டும் எடுத்து முதலிடத்தில் வைத்துவிட்டாள். அதற்கு என்னிடம் மறுப்பில்லை.