கூகுள் போட்டோஸை விட்டு எங்கே போவது: என்டேயா, இம்மிச்சா?

2021 ஜூன் 1 வரை, கொஞ்சம் சுருக்கிய தரத்தில் எத்தனை படம் ஏற்றினாலும் கூகுள் போட்டோஸில் இலவசம். அதன் பிறகு ஏற்றுவதெல்லாம் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொதுவான 15 ஜிபியில் கழிகிறது. அது நிறைந்தால் புதுப் படம் ஏறாது, மெயிலும் வராது. சந்தா கட்டினால் தீரும். பெரிய தொகையும் இல்லை. ஆகவே காசுக்காக மட்டும் வெளியேற நினைப்பவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

விஷயம் சாவியில் இருக்கிறது. கூகுளின் சர்வரில் படங்கள் பூட்டித்தான் கிடக்கின்றன, ஆனால் சாவி கூகுளிடமே. 2022இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தி பலருக்கு நினைவிருக்கும். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, டாக்டருக்குக் காட்டுவதற்காகத் தன் குழந்தையின் வீக்கத்தைப் படம் எடுத்தார். தானியங்கிச் சோதனை அதைக் குற்றப் படமாகக் குறித்தது, கணக்கு முடங்கியது. போலீஸ் விசாரித்துத் தவறில்லை என்று சொன்ன பிறகும் கூகுள் கணக்கைத் திருப்பித் தரவில்லை. மெயில், தொடர்பு எண்கள், குடும்பப் படங்கள் எல்லாம் ஒரே கதவுக்குப் பின்னால் இருந்ததுதான் அவருக்கு வினையானது.

மாற்று என்று தேடினால் கடைசியில் வந்து நிற்கும் இரண்டு பெயர்கள் என்டே, இம்மிச். இரண்டும் திறமூல மென்பொருள்கள், அதாவது நிரலை யாரும் பார்க்கலாம். என்டேயில் சர்வரை அந்த நிறுவனமே ஓட்டுகிறது, இம்மிச்சில் நாமே ஓட்ட வேண்டும். முகம் பிரிப்பது, வரைபடத்தில் காட்டுவது, ஆல்பம் பகிர்வது, தானாக ஏற்றுவது எல்லாம் இரண்டிலும் உண்டு. அதில் நேரம் செலவிட வேண்டாம். என் ஓட்டு என்டேவுக்கு. காரணம் ஒன்றே ஒன்று, பராமரிப்பு.

அதற்கு முன், எதற்குப் போனாலும் தாண்ட வேண்டிய வாய்க்கால் ஒன்று இருக்கிறது: கூகுளில் இருக்கும் நம் படங்களை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட். போனில் இடம் காலி செய்யும் வசதியைக் கூகுள் போட்டோஸில் எப்போதாவது அழுத்தியிருந்தால், பழைய படங்கள் இப்போது போனில் இல்லை. புது ஆப்பைப் போட்டுவிட்டு எல்லாம் தானாக ஏறிவிடும் என்று நம்பினால் பாதிதான் ஏறும். டேக்அவுட்டில் ஜிப் அளவாக 50 ஜிபியைத் தேர்ந்தெடுங்கள். 2 ஜிபி என்று விட்டால் நூறு துண்டுகளாக வரும். டவுன்லோடு லிங்க் சுமார் ஒரு வாரம்தான் உயிரோடு இருக்கும்.

பலர் சறுக்குவது அடுத்த படியில். ஒவ்வொரு படத்தோடும் அதன் விவரங்கள் எழுதிய ஒரு சிறு ஜேசன் (JSON) கோப்பு வரும். நீங்கள் கையால் திருத்திய தேதி, எழுதிய குறிப்பு எல்லாம் அதில்தான் இருக்கும், படத்துக்குள் இருக்காது. கேமராவில் எடுத்த படத்துக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த படத்துக்குத்தான் சிக்கல்: எடுத்த தேதியையும் இடத்தையும் வாட்ஸ்அப் உருவிவிட்டே அனுப்புகிறது. நம் குடும்பங்களில் கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் எல்லாம் அந்த வழியாகத்தானே வந்து சேர்கின்றன? ஜேசனை விட்டுவிட்டு ஏற்றினால், 2014 கல்யாணமும் 2019 காதுகுத்தும் டவுன்லோடு செய்த தேதியில் போய்க் குவியும்.

இன்னொன்று, படம் ஒரு ஜிப்பிலும் அதன் ஜேசன் வேறொரு ஜிப்பிலும் வரலாம். எனவே எல்லா ஜிப்பையும் ஒரே ஃபோல்டரில் விரித்த பிறகே என்டேயின் டெஸ்க்டாப் ஆப்பிடம் கொடுங்கள்; ஜேசனை அது தானே படித்துக்கொள்ளும். இம்மிச்சுக்கு இம்மிச்-கோ என்ற தனிக் கருவி இருக்கிறது. அதற்கு ஜிப்களை விரிக்காமலேயே கொடுக்கலாம், ஆனால் எல்லாவற்றையும் ஒரே தடவையில்.

இனி இம்மிச். வீட்டில் ஒரு பழைய கணினியிலோ மினி பிசியிலோ டாக்கர் (மென்பொருளைத் தனிப் பெட்டியில் வைத்து ஓட்டும் கருவி) போட்டு ஓட்டும் சர்வர் இது. குறைந்தது 6 ஜிபி ராம் வேண்டும். சிறு படங்கள், மாற்றிய வீடியோக்கள் என்று மூலப் படங்களுக்கு மேல் 10 முதல் 20 சதவீதம் கூடுதல் இடம் பிடிக்கும். நிறுவுவது ஒரு மாலை வேலை. வேகம் அபாரம், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டு வைஃபையில் பத்து வருஷப் படங்களைச் சர்ரென்று உருட்டலாம்.

நிறுவிய மறுநாளிலிருந்துதான் கணக்கு ஆரம்பிக்கிறது. படங்கள் ஃபோல்டரில் இருக்கும். எந்தப் படம் எந்த ஆல்பம், யாருடைய முகம் என்பதெல்லாம் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் இருக்கும். கோப்புகளுக்கு ஒழுங்காகப் பெயரிடும் ஸ்டோரேஜ் டெம்ப்ளேட்டை இயக்காவிட்டால் ஃபோல்டருக்குள் நீளமான எண்ணெழுத்துப் பெயர்கள்தான். ஆக, படத்தை மட்டும் பேக்கப் எடுத்தால் பெயர் தெரியாத மூட்டை ஒன்றுதான் மிஞ்சும். இம்மிச் தினமும் ராத்திரி தரவுத்தளத்தைத் தானே நகல் எடுக்கிறது, ஆனால் படங்கள் இருக்கும் அதே இடத்துக்குள். அந்த ஹார்டு டிஸ்க் போனால் நகலும் போச்சு. இரண்டாவது டிஸ்க், வீட்டுக்கு வெளியே மூன்றாவது நகல், இரண்டையும் வாரம் ஒருமுறை பார்க்க ஒரு ஆள். அந்த ஆள் நீங்கள்தான்.

அடுத்தது அப்டேட். 2025 அக்டோபரில் 2.0 வந்த பிறகுதான் இம்மிச் தன்னை நிலையான பதிப்பு என்று அறிவித்துக்கொண்டது. அதே வருஷத்தில்தான் தரவுத்தளத்தின் தேடல் இணைப்பையே மாற்றினார்கள். வெளியீட்டுக் குறிப்பைப் படிக்காமல் தானாக அப்டேட் ஆகும்படி வைத்திருந்தவர்கள் சர்வர் எழாமல் விழித்தார்கள். இப்போது அமைதிதான். இருந்தாலும் குறிப்பைப் படிக்காமல் அப்டேட் செய்யும் மென்பொருள் இல்லை இது.

வெளியிலிருந்து எட்டுவதும் ஒரு தலைவலி. நம் ஊர் இணைப்புகளில் பலவற்றில் தனி ஐபி முகவரி கிடைக்காது, பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்கின்றன. ரவுட்டரில் வெளியாருக்கு வழிவிடும் போர்ட்டைத் திறந்தால் மட்டும் போதாது. உங்கள் கருவிகளை மட்டும் இணைக்கும் தனி வலையமைப்பான டெயில்ஸ்கேல் போடலாம், ஆனால் அம்மா, அப்பா, மாமியார் போன் வரைக்கும் அதைப் போட்டு, அணைந்தால் மறுபடி இயக்கவும் சொல்லித்தர வேண்டும். வீட்டுச் சர்வரை கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் வழியாக இணையத்துக்குக் கொண்டுவரும் கிளவுட்ஃபிளேர் டனல் வசதியானதுதான். ஆனால் இலவசத் திட்டத்தில் ஒரு தடவைக்கு 100 எம்பிக்கு மேல் ஏற்ற விடாது. படங்கள் போய்விடும், நீளமான வீடியோக்கள் மட்டும் தோற்றுக்கொண்டே இருக்கும், ஏன் என்று ஆப் தெளிவாகச் சொல்லாது. இதோடு மின்வெட்டு. யுபிஎஸ் இல்லாமல் தரவுத்தளம் ஓட்டுவது சூதாட்டம்.

என்டேயில் இந்த வேலை எதுவும் இல்லை. மலையாளத்தில் ‘என்டே’ என்றால் ‘என்னுடைய’. நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. படம் போனிலேயே பூட்டப்பட்டுத்தான் கிளம்புகிறது, சாவி அவர்களிடம் இல்லை. மூன்று வேறு இடங்களில் நகல் வைக்கிறார்கள். சர்வர் நிரலையும் 2024இல் திறந்துவிட்டதால், நாளை நிறுவனம் மாறினாலும் அதே மென்பொருளை வேறு யாராவது ஓட்ட முடியும். ஒரு சந்தாவில் குடும்பத்தில் மேலும் ஐந்து பேரைச் சேர்க்கலாம். இடம்தான் பொது, ஒருவர் படம் மற்றவருக்குத் தெரியாது.

படத்தைப் பார்க்க முடியாத சர்வர் முகத்தை எப்படிப் பிரிக்கும்? பிரிக்காது, உங்கள் போன்தான் அந்த வேலையைச் செய்கிறது. அதனால் முதல் சில நாள் போன் சூடாகும், பேட்டரி இறங்கும். டெஸ்க்டாப் ஆப்பைத் திறந்து வைத்து அதையே செய்யவிடுவது புத்திசாலித்தனம். முடிந்த அட்டவணை பூட்டப்பட்டு மற்றக் கருவிகளுக்கும் வந்துவிடும். ஏற்றுவதற்கும் பொறுமை வேண்டும்: 40 எம்பிபிஎஸ் அப்லோடு முழுசாகக் கிடைத்தாலே 200 ஜிபி ஏற 11 மணி நேரம், நடைமுறையில் அதைவிடக் கூட.

ஆண்ட்ராய்டில் படம் ஏறாமல் நின்றால் பெரும்பாலும் குற்றவாளி பேட்டரி சிக்கனம்தான். ஆப் தகவல்களில் பேட்டரியைக் கட்டுப்பாடின்றி வைத்து, ஷாவ்மி மாதிரி போன்களில் ஆட்டோஸ்டார்ட்டையும் இயக்குங்கள். ஐபோன் பின்னணியில் எப்போது ஏற்றலாம் என்பதை ஆப்பிளே தீர்மானிப்பதால், வாரம் ஒருமுறை ஆப்பைத் திறந்து வைப்பது நல்லது. ஐபோனில் எனக்குப் புழக்கம் குறைவு. இந்த ஒரு வரியை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

பகிரும் லிங்கிலும் ஒரு நுணுக்கம். திறக்கும் சாவி அந்த முகவரியில் # குறிக்குப் பின்னால் இருக்கும், சர்வருக்குப் போகாது. ஆனால் முழு லிங்க் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் பார்க்கலாம். சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டால் எங்கெல்லாம் ஃபார்வேர்டு ஆகும் என்று உங்களுக்கே தெரியும். காலாவதித் தேதியும் பாஸ்வேர்டும் வைத்து அனுப்புங்கள்.

ஒரு இடத்தில் இம்மிச் தெளிவாக ஜெயிக்கிறது: தமிழில் தேடுவது. ‘கோலம்’ என்றோ ‘மழையில் பஸ்’ என்றோ தேட, அதன் தேடலுக்கான ஏஐ மாடலைப் பல மொழி தெரிந்த ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம். மாற்றியதும் எல்லாப் படத்துக்கும் தேடல் வேலையை மறுபடி ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். ஏற்கெனவே வீட்டில் சர்வர் ஓட்டிக்கொண்டு, பேக்கப்பைப் பழக்கமாக வைத்திருப்பவர்களுக்கு இம்மிச்தான் சரி. வீடு முழுக்க ஐபோன் என்றால் இரண்டும் வேண்டாம். ஐகிளவுடில், சாவியை ஆப்பிளிடம் விடாமல் பூட்டும் அட்வான்ஸ்டு டேட்டா புரொடெக்‌ஷனை இயக்கினாலே போதும்.

என்டேயில் நீங்கள் செய்ய வேண்டிய பராமரிப்பு இரண்டே. டெஸ்க்டாப் ஆப்பில் தொடர் ஏற்றுமதியை இயக்கி ஒரு டிஸ்க்கில் நகல் வைப்பது ஒன்று. ஆல்பம் ஆல்பமாகச் சாதாரணக் கோப்புகளாகவே வந்து விழும். இன்னொன்று, 24 வார்த்தை கொண்ட மீட்புச் சாவி. பாஸ்வேர்டும் மறந்து இதுவும் தொலைந்தால் என்டேவாலும் படத்தைத் திறக்க முடியாது. தாளில் எழுதி வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வையுங்கள். போனில் ஸ்கிரீன்ஷாட்டாக வைத்தால், அந்தப் போன் தொலையும் அன்றுதான் அது தேவைப்படும். வெளியேறி, தாளில் இருக்கும் சாவியை வைத்து ஒருமுறை உள்ளே வந்து பாருங்கள். அது வேலை செய்து, படங்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போன பிறகே கூகுளில் கைவைக்க வேண்டும். அதையும் போனில் செய்யாமல் கணினி பிரவுசரில், போனில் கூகுள் போட்டோஸின் பேக்கப்பை நிறுத்திய பிறகு செய்யுங்கள். போனிலுள்ள ஆப்பில் அழித்தால் போனில் இருக்கும் படமும் சேர்ந்தே போகும்.