வண்டி புதைந்தால் பலகையா, கயிறா, விஞ்சா?

மணலில் சக்கரம் வழுக்க ஆரம்பித்த முதல் ஐந்து நொடியில் கால் என்ன செய்கிறது என்பதிலேயே பாதிக் கதை முடிந்துவிடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் டயர் தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளும். அப்புறம் வண்டியின் அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிடும். காலை எடுத்துவிட்டு இறங்கிப் பார்த்தால் பெரும்பாலும் மண்வெட்டியோடு வேலை முடியும். நான் மிதித்தவன். ஆக்ஸில் வரை இறங்கிய வண்டிக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து, சாப்பாட்டுத் தட்டால் மணல் வாரிய அந்த மதியத்துக்குப் பிறகுதான், எந்தச் சாமானை வாங்குவது என்று யோசிக்கவே தொடங்கினேன்.

போட்டி மூன்றுக்குள்தான்: டயருக்கு அடியில் வைக்கும் ரெக்கவரி பலகை, இழுபடும்போது நீளும் கைனெட்டிக் கயிறு, வண்டி முகப்பில் பூட்டி, மரம் மாதிரி எதிலாவது கட்டிய கம்பியை மோட்டாரால் டிரம்மில் சுற்றி வண்டியை இழுக்கும் விஞ்ச். ஆனால் இந்த மூன்றையும் தேவையில்லாமல் ஆக்கக்கூடிய நாலாவது ஒன்று காசில்லாமலே கிடைக்கிறது. டயரில் காற்றை இறக்குவது. சாலைக்கு 32 பிஎஸ்ஐ வைத்திருந்தால் மணலுக்கு 18 வரை இறக்கலாம். டயர் தரையில் படியும் இடம் நீளமாகும், வண்டியின் எடை பரவும். 15-க்கும் கீழே போனால் வளைவில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும் என்ற பயம் உண்டு, அதனால் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். திரும்பச் சாலை ஏறும்போது காற்று நிரப்ப ஒரு சின்ன கம்ப்ரஸர் வேண்டும், அவ்வளவுதான் செலவு.

சரி, காற்று இறக்கியும் நகரவில்லை. தனியாக இருக்கிறீர்கள் என்றால் பலகைதான். யோசனை ஒன்றும் புதிதல்ல; 1920களின் கடைசியில் லிபியப் பாலைவனத்துக்குள் கார் ஓட்டிப்போன ரால்ஃப் பாக்னால்ட், இரும்புத் தகடுகளைச் சக்கரத்துக்கு அடியில் போட்டுத்தான் கரையேறினார். இன்றைய பலகை நைலான், பல் வைத்தது. பலகையைச் சும்மா செருகிவிட்டு மிதிப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. முதலில் டயருக்கு முன்னால் சரிவாகத் தோண்ட வேண்டும், வயிற்றுக்கு அடியில் முட்டும் மணலையும் வார வேண்டும். பிறகு டயர் பல்லைக் கவ்வும் அளவுக்கு நெருக்கிச் செருகி, லோ ரேஞ்சில் (நாலு சக்கர வண்டியின் மெதுவான, இழுவை கூடிய கியர்) மெல்ல ஏற்ற வேண்டும். டயர் ஒரே இடத்தில் சுழன்றால் அந்தச் சூட்டில் நைலான் உருகும். இருபது நிமிட உடல் உழைப்பு, முதுகுவலி. ஆனால் தப்பு செய்தால் போவது பலகையின் பல்தான், ஆளின் பல் அல்ல.

கயிறு நேர் எதிர். இரண்டு நிமிடத்தில் வண்டி வெளியே வந்துவிடும். கூட இன்னொரு வண்டி இருந்தால்தான். நல்ல நைலான் கயிறு தன் நீளத்தில் 30 சதவீதம் வரை நீளும். இழுக்கும் வண்டியின் வேகம் கயிற்றில் சேர்ந்து, புதைந்த வண்டியை உதறல் இல்லாமல் பிடுங்கி எடுக்கிறது. நீளாத பாலியஸ்டர் இழுவைப் பட்டையை வைத்து இதே வேலையைச் செய்தால் ஏதாவது ஒன்று பிய்ந்துகொண்டு வரும். அதைவிட மோசம், கயிற்றை டிரெய்லர் மாட்டும் குண்டில் கோப்பது. அது பக்கவாட்டு உதறலுக்குச் செய்யப்பட்டதல்ல. உடைந்தால் கயிற்றில் சேர்ந்த விசை முழுவதையும் வாங்கிக்கொண்டு பீரங்கிக் குண்டாகப் பறக்கும். ஆட்கள் செத்திருக்கிறார்கள். சேஸிஸில் பூட்டிய, எடைக் குறிப்புள்ள கொக்கி இரண்டு வண்டியிலும் இல்லையென்றால் இந்தக் கயிறு உங்களுக்கானதல்ல. இழுக்கும்போது வேடிக்கை பார்ப்பவர்கள் கயிற்று நீளத்தைவிட அதிகத் தள்ளி நிற்க வேண்டும்.

விஞ்ச் இந்த மூன்றில் நிதானமானது, அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான். வண்டியின் மொத்த எடைக்கு ஒன்றரை மடங்கு திறன் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் திறன், டிரம்மில் கம்பி ஒரே ஒரு அடுக்கு மிச்சம் இருக்கும்போது கிடைப்பது. மேலே அடுக்கு கூடக்கூட இழுவை குறையும். அதனால் கிட்டே இருக்கும் மரத்தைவிட, கம்பி அதிகம் அவிழும்படி கொஞ்சம் தள்ளி இருக்கும் மரமே நல்லது. கிட்டத்து மரம்தான் என்றால் ஒரு கப்பி போட்டு மடக்கினால் இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். சேற்றுக் காட்டில், செங்குத்துச் சரிவில் இதற்கு மாற்று கிடையாது. ஆனால் மரமே இல்லாத வெட்டவெளி மணலில்? ஸ்டெப்னி டயரைப் புதைத்து நங்கூரமாக்கலாம் என்பார்கள். செய்யலாம்தான். அவ்வளவு பெரிய குழி தோண்டும் நேரத்தில் பலகை வைத்துக் கிளம்பிப் போயிருக்கலாம்.

உயர ஜாக்கியைப் பற்றி ஒரு வரி: பிளாஸ்டிக் பம்பர் உள்ள இன்றைய வண்டிகளில் அதைக் கொடுத்துத் தூக்க இடமே இல்லை, கைப்பிடி எகிறினால் தாடை போகும், நான் வாங்கவில்லை.

என் டிக்கியில் இப்போது இருப்பது மண்வெட்டி, காற்றுமானி, கம்ப்ரஸர், இரண்டு பலகை. கூட்டாளி வண்டி வரும் பயணத்துக்கு மட்டும் கயிறு ஏறும். விஞ்சுக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல டயர் போட்டேன். பலகை ஒன்றில் முன்வரிசைப் பல் நாலு உருகிப்போயிருக்கிறது. வாங்கிய முதல் வாரம், திரும்பவும் மிதித்தேன்.