பாபிலோன் 5: எந்தப் பதிப்பை வாங்குவது, எந்த வரிசையில் பார்ப்பது

பாபிலோன் 5 என்ற அமெரிக்க விண்வெளிக் கதைத் தொடரைப் பாதியில் நிறுத்திவிடலாமா என்று தோன்றும் இடம் சீக்கிரமே வந்துவிடும். முதல் சீசன், 4ஆம் எபிசோட், 'இன்ஃபெக்‌ஷன்'. அழிந்துபோன ஓர் இனத்தின் ஆயுதம் ஒரு மனிதனைப் பிடித்துக்கொள்ள, அவன் ரப்பர் கவசத்தோடு நிலையத்தின் தாழ்வாரங்களில் சுட்டுக்கொண்டே வருகிறான். வசனம் கட்டையாக இருக்கும், செட் அட்டை போலத் தெரியும். அங்கே நிறுத்திவிடாதீர்கள். அதன் கடைசி இரண்டு நிமிடத்தில் நிருபர் ஒருவர் நிலையத்தின் தலைவரான கமாண்டர் சின்கிளேரிடம், இவ்வளவு செலவு செய்து விண்வெளியில் இருக்கத்தான் வேண்டுமா என்று கேட்கிறார். என்றாவது ஒருநாள் சூரியன் அணையும், அன்று நாம் பூமியில் மட்டும் இருந்தால் நாம் பாடியது, எழுதியது, கட்டியது எல்லாமே அதோடு போய்விடும் என்கிறார் அவர். தொடர் முழுவதும் இதே கதைதான்: சுமாரான எபிசோடுக்குள்ளும் விட முடியாத ஒன்று இருக்கும். 'இந்த எபிசோடைத் தாண்டிவிடலாம்' என்று சொல்லும் பட்டியல்களை நம்பி ஓட்டாதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுவது இதனால்தான்.

அடிப்படை விவரம். 1993 பிப்ரவரியில் 'தி கேதரிங்' என்ற பைலட் படம், அதாவது தொடருக்கு முன்னோட்டமான டிவி படம், வந்தது. தொடர் 1994 ஜனவரியில் தொடங்கி 1998 நவம்பரில் முடிந்தது. 5 சீசன், சீசனுக்கு 22, மொத்தம் 110 எபிசோட். ஒவ்வொரு சீசனும் கதையில் ஓர் ஆண்டு, 2258 முதல் 2262 வரை. உருவாக்கியவர் ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி. 110இல் 92 எபிசோடுகளை அவரே எழுதினார். 3, 4ஆம் சீசன்கள் முழுக்க அவர் எழுத்து. எட்டு கிலோமீட்டர் நீளமுள்ள, சுழன்றுகொண்டே இருக்கும் உருளை வடிவ விண்வெளி நிலையத்தில் இரண்டரை லட்சம் பேர் வாழ்கிறார்கள். ஐந்து பெரிய அரசுகளின் தூதர்கள் அங்கே பேச்சு நடத்துகிறார்கள். நடக்கப்போகும் போர்களையும் ஆட்சிக் கவிழ்ப்புகளையும் முன்கூட்டியே திட்டமிட்டு, விதையை முதல் ஆண்டிலேயே போட்டுவிட்டு, மூன்றாம் நான்காம் ஆண்டில் அறுவடை செய்கிற எழுத்து இது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அன்றைக்கு இது அபூர்வம்.

முதலில் எந்தப் பதிப்பு என்று பார்ப்போம், ஏனென்றால் இதில் தவறினால் படமே பிடிக்காமல் போகும். நடிகர்கள் வரும் காட்சிகள் சூப்பர் 35 ஃபிலிமில், பின்னாளில் அகலத் திரைக்கும் உதவும்படி எடுக்கப்பட்டவை. கணினி வரைகலை மட்டும் அன்றைய டிவிக்கு ஏற்ப 4:3 விகிதத்தில், வீடியோ தரத்தில் முடிக்கப்பட்டது. பழைய டிவிடி பெட்டியில் மொத்தத்தையும் 16:9 ஆக்கினார்கள். ஃபிலிம் காட்சிகளுக்கு அகலம் கிடைத்தது. வரைகலைக் காட்சிகளுக்கோ மேலும் கீழும் வெட்டிப் பெரிதாக்க வேண்டியதாயிற்று. விளைவு, விண்கலம் வரும்போதெல்லாம் படம் மங்கும். நடிகரும் வரைகலையும் ஒன்றாக இருக்கும் ஷாட்டிலும் அப்படியே: பேசிக்கொண்டிருக்கும் முகம், துப்பாக்கி ஒளி பாயும் நொடியில் சட்டென்று கலங்கி, அடுத்த ஷாட்டில் மறுபடி தெளியும். காரணம் தெரியாதவர்கள் டிஸ்க்கைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார்கள்.

2021இல் வெளியான மறுசீரமைப்பில் ஃபிலிமைப் புதிதாக ஸ்கேன் செய்து, எல்லாவற்றையும் 4:3க்கே திருப்பினார்கள். வரைகலையை மீண்டும் ரெண்டர் செய்யவில்லை, பழையதையே எச்டி அளவுக்கு உயர்த்தினார்கள். 2023 டிசம்பரில் வந்த ப்ளூரே பெட்டியிலும் இருப்பது இதுதான். வாங்க வேண்டியது இதை. வேற்றின தூதர்களான டெலனின் தலை எலும்பு, லோண்டோவின் சட்டைச் சரிகை, ஜ'காரின் தோல் புள்ளிகள் என்று டிவிடியில் தெரியாதவை எல்லாம் தெரிகின்றன. வரைகலை இதிலும் சற்று மென்மைதான், ஆனால் காட்சி விட்டுக் காட்சி தாவும் அந்த உறுத்தல் பெருமளவு போய்விட்டது. திரையின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கும், இருக்கட்டும். டிவி அமைப்பில் 'ஸ்ட்ரெட்ச்', 'ஜூம்' இரண்டையும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் எல்லோர் முகமும் சப்பையாகும். அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் நிறுத்துங்கள். அது இருந்தால் செட் இன்னும் செட்டாகத் தெரியும்.

டிவிடியில் கமெண்டரி ட்ராக்குகள் உண்டு, கேட்க வேண்டியவை. ஆனால் 110உம் முடிந்த பிறகு மட்டும். பேசுபவர்கள் நீங்கள் முழுவதும் பார்த்துவிட்டீர்கள் என்ற நினைப்பிலேயே பேசுகிறார்கள்.

வரைகலையைப் பற்றி ஒரு வார்த்தை. பைலட்டின் காட்சிகளை ஃபவுண்டேஷன் இமேஜிங் நிறுவனம் அமிகா கணினிகளில், வீடியோ டோஸ்டர் என்ற கருவியும் லைட்வேவ் என்ற வரைகலை மென்பொருளும் கொண்டு செய்தது. எம்மி விருதும் வாங்கியது. இன்றைய கண்ணுக்கு அந்தப் பளபளப்பு பிளாஸ்டிக் போலத் தோன்றலாம். அசைவைக் கவனியுங்கள். ஸ்டார்ஃபியூரி என்ற சிறு போர்விமானம் நிலையத்தின் சுழற்சி விசையாலேயே வெளியே எறியப்படுகிறது. முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போதே மூக்கை மட்டும் பின்னால் திருப்பி, துரத்துபவனைச் சுடுகிறது. போகும் திசை மாறுவதில்லை. காற்றில்லாத இடத்தில் ஒரு பொருள் எப்படி நகருமோ அப்படி. இவ்வளவு கவனமாக இயற்பியலை மதித்த தொடர்கள் அந்தக் காலத்தில் மிகக் குறைவு.

வேகம். ஒரு எபிசோட் சுமார் 43 நிமிடம். நாளுக்கு ஒன்று என்றால் நான்கு மாதத்துக்குள் முடியும், இரண்டு என்றால் 55 நாள். முதல் சீசனில் நாளுக்கு ஒன்றே போதும், ஏனென்றால் ஒவ்வொன்றும் தனிக்கதை. மூன்றாம் சீசனில் 8, 9, 10 மூன்றையும் ஒரே இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 10ஆவதான 'செவர்ட் ட்ரீம்ஸ்' அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது பெற்றது, முந்தைய இரண்டின் அழுத்தம் ஆறுவதற்குள் அதைப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் ஐந்தாறு எபிசோட் ஓட்டுபவர்களுக்கு ஒரு சிக்கல்: கதை புரியும், சின்னச் சின்ன வாக்கியங்கள் நினைவில் தங்காது. முதல் சீசன் 13ஆம் எபிசோடான 'சைன்ஸ் அண்ட் போர்டென்ட்ஸ்'இல் மோர்டன் என்ற நாகரிகமான ஆள் தூதர்களை ஒவ்வொருவராகச் சந்தித்து ஒரே கேள்வி கேட்கிறான்: உங்களுக்கு என்ன வேண்டும்? யார் என்ன பதில் சொன்னார் என்பதைக் குறித்துவைத்தாலும் தகும். இரண்டாம் சீசன் 16இல் அதே கேள்விக்கு லோண்டோவின் உதவியாளன் விர் சொல்லும் பதிலை வார்த்தை பிசகாமல் மனதில் வையுங்கள். நான்காம் சீசன் 6இல் அதற்கு வேலை இருக்கிறது. முதல் சீசன் 20 எழுப்பும் கேள்விகளுக்குச் சரியாக 40 எபிசோட் தள்ளி, மூன்றாம் சீசன் 16, 17இல்தான் விடை.

முதல் சீசனில் அரசியல் தவிர வேறொன்றும் கிடைக்கும். 5ஆம் எபிசோடில் ஒவ்வொரு இனமும் தன் சமயச் சடங்கை மற்றவர்களுக்குக் காட்டுகிறது. மனிதர்கள் முறை வரும்போது சின்கிளேர் தூதர்களை ஒரு நீண்ட வரிசைக்கு முன் அழைத்துச் சென்று ஒவ்வொருவராக அறிமுகப்படுத்துகிறார். முதலில் நிற்பவர் நாத்திகர். அடுத்து கத்தோலிக்கப் பாதிரியார், ஜென் பௌத்தர், முஸ்லிம், யூதர், பழங்குடிச் சமயத்தார், இந்து... கேமரா நகர்ந்துகொண்டே போகிறது, வரிசை முடியவில்லை. விளக்கம் ஏதும் சொல்லாமல் எபிசோட் முடிகிறது.

இரண்டாம் சீசனில் தலைமைப் பாத்திரமே மாறுகிறது. சின்கிளேராக நடித்த மைக்கேல் ஓஹேர் முதல் சீசனோடு விலக, புரூஸ் பாக்ஸ்லைட்னர் கேப்டன் ஷெரிடனாக வந்தார். ஓஹேர் கடுமையான மனநோயோடு போராடிக்கொண்டே நடித்தார் என்பதை, 2012இல் அவர் இறந்த பிறகு, அவருடைய விருப்பப்படியே ஸ்ட்ராசின்ஸ்கி வெளியே சொன்னார். இதைத் தெரிந்துகொண்டு முதல் சீசனைப் பார்த்தால் அந்த இறுக்கமான உடல்மொழியை 'மரக்கட்டை நடிப்பு' என்று தள்ளிவிட மனம் வராது. மாற்றம் நடந்தும் கதை உடையாததற்குக் காரணம், எந்த நடிகர் போனாலும் கதையை வேறு வழியில் கொண்டுபோக ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு மாற்றுவழியை ஸ்ட்ராசின்ஸ்கி முன்பே யோசித்து வைத்திருந்தது.

தொடரின் உயிர் லோண்டோவும் ஜ'காரும். பீட்டர் ஜூராசிக், ஆண்ட்ரியாஸ் கட்சுலாஸ். ஒருவன் ஆண்ட இனம், மற்றவன் அடிமைப்பட்டிருந்த இனம். இரண்டாம் சீசன் 9, 'தி கமிங் ஆஃப் ஷேடோஸ்': இதுவும் ஹியூகோ பெற்றது. அதில் ஜ'கார் மனம் நெகிழ்ந்து, வாழ்க்கையில் முதல் முறையாக லோண்டோவுக்கு ஒரு கோப்பை மது வாங்கிக் கொடுக்கிறான். லோண்டோவுக்குத் தெரிந்த ஒன்று ஜ'காருக்குத் தெரியாது. வாங்கிக்கொள்ளவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் இருக்கும் அந்த முகத்தை மட்டும் பாருங்கள். அவ்வளவு ஒப்பனைக்கும் விசிறி போல நிற்கும் அந்த முடிக்கும் அடியில் ஒரு மனிதன் கூனிக்குறுகுவது தெரியும். இதைவிட நல்ல நடிப்பை இந்த வகைத் தொடர்களில் தேடத்தான் வேண்டும்.

நான்காம் சீசன் அவசரமாக ஓடும். ஒளிபரப்பிய பிடென் (PTEN) என்ற தொலைக்காட்சி வலைப்பின்னல் மூடப்படும் நிலை, ஐந்தாம் ஆண்டு கிடைக்குமா என்றே தெரியாது. ஆகவே இரண்டு பெரிய போர்களையும் ஒரே ஆண்டுக்குள் அடக்கினார்கள். முதல் போர் 6ஆம் எபிசோடிலேயே முடிவது இதனால்தான். அதன் முடிவு பேச்சாலேயே தீர்வது ஏமாற்றம். பிறகு டிஎன்டி என்ற கேபிள் சேனல் ஐந்தாம் ஆண்டுக்கு ஒப்புக்கொண்டது, நிலையத்தின் துணைத் தளபதி இவானோவாவாக நடித்த கிளாடியா கிறிஸ்டியன் தொடரவில்லை, கதையில் மிச்சம் குறைவு. ஐந்தாம் சீசனின் முதல் பாதியில் வரும் டெலிபாத்களின், அதாவது பிறர் மனதைப் படிப்பவர்களின், குடியிருப்புக் கதை இழுவை என்பதை மறைப்பதில் பயனில்லை. அங்கே நாளுக்கு இரண்டாக வேகத்தைக் கூட்டுங்கள். 9இலிருந்து லோண்டோவின் கதை எழுகிறது, 18 வந்ததும் மறுபடி ஒன்றாகக் குறையுங்கள்.

டிவி படங்களில் ஒன்றே ஒன்றில்தான் ஆபத்து. 'இன் தி பிகினிங்' கதைக் காலப்படி எல்லாவற்றுக்கும் முந்தியது, அதனால் முதலில் பார்க்கத் தோன்றும். முதல் சீசன் மூடி வைத்திருக்கும் ரகசியத்தை அது முழுதாகத் திறந்துவிடும். நான்காம் சீசன் முடிந்த பிறகு பாருங்கள், 'தேர்ட்ஸ்பேஸ்' படத்தையும் அப்போதே. பைலட்டை மட்டும் முதலில். அதற்கு 1998இல் மறுபடி எடிட் செய்யப்பட்ட வடிவம் ஒன்று உண்டு. தொடருக்கு இசையமைத்த கிறிஸ்டோஃபர் ஃபிராங்கேயின் இசை அதில்தான் இருக்கிறது. அதையே எடுங்கள்.

ஸ்ட்ரீமிங்கில் பார்ப்பவர்கள் அறிமுக இசையைத் தாண்டும் பொத்தானைத் தொடாமல் இருப்பது நல்லது. ஒவ்வொரு சீசனுக்கும் முன்னுரை மாறுகிறது, மூன்றாம் சீசனில் நிலையத்தின் அமைதி முயற்சியைப் பற்றி 'அது தோற்றுவிட்டது' என்ற சொல் வரும்போது முதுகு சில்லிடும். எபிசோட் சுருக்கங்களையும் அடுத்த சீசனின் நடிகர் பட்டியலையும் படிக்காதீர்கள், யார் இருக்கிறார் யார் இல்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும். 'அடுத்த எபிசோட்' தானாக ஓடும் வசதியையும் அணைத்துவிடுங்கள். 110ஆவதான 'ஸ்லீப்பிங் இன் லைட்'டுக்கு இது கட்டாயம். நான்காம் சீசனோடு எடுக்கப்பட்டு ஓராண்டு காத்திருந்த எபிசோட் அது. அதன் கடைசியில் வசனமில்லாத ஒரு பணியாளர் சில நொடி வருகிறார். அந்த 92 எபிசோடுகளை எழுதியவரின் முகம் அது. பிறகு பெயர்ப் பட்டியலில் ஒவ்வொரு பாத்திரமும் முதலில் எப்படி இருந்தது, கடைசியில் எப்படி ஆனது என்று முகம் முகமாக மாறிக்கொண்டே வரும். திரை இருளும் வரை ரிமோட்டைத் தொடாதீர்கள்.