குடும்ப வரலாற்றை எங்கே சேர்த்து வைப்பது: இணையத் தளமா, சொந்தக் கணினியா?

குடும்பத்தின் கொடிவழியைத் தேடிப் பெரியவர்களின் வாழ்க்கைக் கதைகளைச் சேகரிக்கத் தொடங்கும் எல்லோருக்கும் சீக்கிரமே வரும் கேள்வி இது. ஆன்செஸ்ட்ரி, மைஹெரிட்டேஜ், ஃபேமிலிசர்ச் போன்ற தளம் ஒன்றில் கணக்குத் திறந்து எல்லாவற்றையும் அங்கேயே ஏற்றிவிடலாம். இல்லையென்றால் கிராம்ப்ஸ் மாதிரி ஒரு மென்பொருளைக் கணினியில் போட்டு, பெயர், தேதி, படம், குரல் எல்லாவற்றையும் நம் கையிலேயே வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் புழங்கிப் பார்த்துவிட்டு நான் இரண்டாவதற்கு வந்துவிட்டேன். தளத்தை அடியோடு விட்டுவிடவில்லை. ஆனால் மூலப்பிரதி இப்போது அங்கே இல்லை.

தளங்களின் வசதி தெரிந்ததுதான். செல்பேசியிலேயே வேலை முடியும். பழைய ஆவணங்களில் நம் ஆட்களின் பெயர் பொருந்தினால் அதுவே எடுத்துக் காட்டும். ஃபேமிலிசர்ச் முழுக்க இலவசம். கிராம்ப்ஸும் இலவசம்தான், பழகத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

என்னை முடிவுக்குக் கொண்டுவந்தது ஒரே கேள்வி: ஏற்றியதை ஒருநாள் திரும்ப எடுத்தால் கையில் என்ன மிஞ்சும்?

கொடிவழித் தகவலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்ற ஜெட்காம் என்ற கோப்பு வடிவம் இருக்கிறது. 1984இல் வந்தது, இன்றும் ஏறக்குறைய எல்லா மென்பொருளுக்கும் அது புரியும். நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். ஒவ்வொரு வரியும் ஓர் எண்ணில் தொடங்கும். 0 என்றால் புதிதாக ஒரு பதிவு, ஓர் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 என்றால் அவரைப் பற்றிய ஒரு செய்தி, பிறப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 என்றால் அந்தப் பிறப்பின் தேதி, இடம். இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் இத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்கிறது. ஆனால் பரவலாகப் புழங்கும் 5.5.1 வடிவத்தில் படமோ குரலோ கோப்புக்குள் வராது. அவை எங்கே கிடக்கின்றன என்ற முகவரி மட்டும்தான் வரும்.

நான் பயன்படுத்திய தளத்திலிருந்து எங்கள் கொடிவழியை இறக்கி கிராம்ப்ஸில் திறந்தேன். பெயர்களும் உறவுகளும் பிசகாமல் வந்திருந்தன. அத்தையின் பெயரைத் தட்டினால் பிறந்த தேதி இருக்கிறது, மாமா இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம். மூச்சு வாங்க வாங்க அவர் தன் கதையைச் சொன்ன ஒலிப்பதிவு இருந்ததற்குச் சுவடே இல்லை. 2021இல் வந்த ஜெட்காம் 7, படங்களையும் ஒலியையும் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டித் தருகிறது. வரவேற்க வேண்டிய மாற்றம், ஆனால் எல்லாத் தளங்களும் இன்னும் அதற்கு மாறவில்லை.

தளம் இருக்கும்வரை இது பெரிதாகத் தெரியாது. ஆனால் தளங்கள் கைமாறும், சில மூடப்படும். ஜெனி என்ற கொடிவழித் தளத்தை 2012இல் மைஹெரிட்டேஜ் வாங்கியது. குடும்பங்கள் படமும் பேச்சுமாகச் சேர்த்து வைத்திருந்த மைஃபேமிலி சேவையை 2014இல் ஆன்செஸ்ட்ரி நிறுத்தியது. அந்த ஆன்செஸ்ட்ரியையே 2020இல் பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது. வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம். பேரன் பேத்தி காலத்துக்கு வேண்டியதை அந்த வியாபாரத்தை நம்பி ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

சொந்தக் கணினியில் வேலை கூடத்தான். பேச்சை வேவ் கோப்பாகப் பதிகிறேன். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடம் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்பி. பதிவு தொடங்கியதும் தேதியையும் பேசுபவரின் பெயரையும் வாயால் சொல்லிவிடுவேன். கோப்பின் பெயர் மாறிப்போனாலும் ஆள் யாரென்று தெரியும். பிறகு எந்த நிமிடத்தில் என்ன பேச்சு என்று ஒரு குறிப்புத் தாள். 12.40: முதல் வேலை. 19.05: தங்கை இறந்த வருடம். 27.30: அண்ணனோடு பேச்சு நின்ற காரணம். இந்தத் தாள் இல்லாத ஒலிப்பதிவை யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை. முழுவதையும் எழுத்தில் பெயர்ப்பது நல்லதுதான், ஆனால் ஒரு மணி நேரப் பேச்சு அரை நாளைத் தின்றுவிடும். அதனால் முக்கியமான பகுதிகளை மட்டும் எழுதி அச்செடுத்து வைக்கிறேன்.

எழுதுவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துமுறையான யுனிகோடில் இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த குறிப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். வீட்டில் அப்படி ஏதாவது கிடந்தால் முதலில் அதை மாற்றிவிடுங்கள்.

தளம் ஜெயிக்கும் இடமும் உண்டு. அறியாத கிளையிலிருந்து ஒருவர் வந்து, "இவர் என் கொள்ளுத் தாத்தாவின் தம்பி" என்று சொல்வது அங்கேதான் நடக்கும். ஃபேமிலிசர்ச்சில் உலகத்துக்கே ஒரு கொடிவழிதான். இறந்தவர்களின் பக்கத்தை யாரும் திருத்தலாம். அதனால் விட்டுப்போன பெயரும் வந்து சேரும், தவறான பெற்றோரும் வந்து ஒட்டிக்கொள்வார்கள். இன்னொன்று, கணினியில் இருப்பதைக் குடும்பத்தில் ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அடுத்த தலைமுறைக்கு இது கைமாறும் கட்டம் இன்னும் வரவில்லை. அதுவரை என் ஏற்பாடு முழுதாகச் சோதிக்கப்படவில்லை என்றுதான் சொல்வேன்.

மரபணுச் சோதனை நான் செய்துகொண்டதில்லை. 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் கசிந்தது. 2025 மார்ச்சில் அது திவால் மனு போட்டது. உறவினர்களையும் சேர்த்தே பாதிக்கும் விஷயம் என்பதால், வீட்டில் எல்லோரிடமும் பேசாமல் அதில் இறங்க மாட்டேன்.

இப்போது தளத்தில் நான் வைத்திருப்பது மறைந்தவர்களின் பெயர், தேதி, உறவுமுறை மட்டும். குரல்களும் 27.30இல் வருகிற மாதிரி விஷயங்களும் கணினியில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, தங்கை வீட்டில் ஒன்று என்று மூன்று பிரதிகளாக இருக்கின்றன. வருடத்துக்கு ஒருமுறை மூன்றையும் திறந்து, ஓடுகிறதா என்று கேட்டுப் பார்த்துவிடுகிறோம்.