பலத்த மழைக்கு ‘ஸ்ட்ரோங்’ வராது: ஓர் ஆங்கிலச் சொற்பயிற்சிப் புத்தகம் பற்றி

கிளிநொச்சி, வவுனியா புத்தகக் கடைகளில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கென்று அடுக்கியிருக்கும் வெற்றிடம் நிரப்பும் புத்தகங்களில் ஒன்று இது. 60 பயிற்சி, பயிற்சிக்கு 10 வசனம், வசனத்துக்கு 4 தெரிவு. சொல்லையும் கருத்தையும் பட்டியலாகப் பாடமாக்க விடாமல், வசனத்துக்குள் வைத்தே சொல்லைத் தேட வைக்கிறது. வாங்கலாம். ஆனால் அச்சிட்டிருக்கிற விதத்திலேயே செய்யக்கூடாது.

நன்றாக வந்திருப்பது சொற்சேர்க்கைப் பகுதி. தமிழில் காற்றும் பலத்தது, மழையும் பலத்தது, காயமும் பலத்தது. ஆங்கிலத்தில் காற்றுக்கு ‘ஸ்ட்ரோங்’, மழைக்கு ‘ஹெவி’, காயத்துக்கு ‘சீரியஸ்’. மார்கழி மழையை ‘ஸ்ட்ரோங் ரெயின்’ என்று எழுதுகிற பிள்ளைக்குக் கருத்து விளங்காமல் இல்லை. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பதுதான் தெரியவில்லை. நாங்கள் பிழை ‘விடுகிறோம்’, அங்கே ‘மேக்’. நாங்கள் மருந்து ‘குடிக்கிறோம்’, அங்கே ‘டேக்’. இந்த 8 பயிற்சிகளுக்கே கொடுத்த காசு சரி.

இதே பகுதியில்தான் பெரிய சறுக்கலும். சோதனை பற்றிய வசனமொன்றில் ‘டேக்’, ‘சிட்’ இரண்டும் தெரிவில் இருக்கின்றன. விடைப் பக்கம் ‘சிட்’ மட்டுமே சரி என்கிறது. உண்மையில் இரண்டும் பொருந்தும். வெற்றிடத்துக்கு அடுத்ததாக ‘ஃபோர்’ போட்டிருந்தால் ‘சிட்’ மட்டும் நின்றிருக்கும். விடையில் எழுத்து மட்டும் இருக்கிறது, காரணம் இல்லை. ஆகவே ‘டேக்’ எழுதிய பிள்ளை சரியாகத் தெரிந்ததையும் பிழையென்று அழித்துவிடும்.

சில வசனங்களில் வெற்றிடத்துக்கு முன்னால் ‘அன்’ நிற்கிறது, உயிரொலியில் தொடங்கும் தெரிவு ஒன்றே ஒன்று. அதற்குச் சொல்வளம் தேவையில்லை.

பின்னிணைப்பிலுள்ள தமிழ்க் கருத்துப் பட்டியலைத் திறக்கவே வேண்டாம். ‘சீ’, ‘லுக்’, ‘வொட்ச்’ மூன்றுக்கும் ‘பார்’ என்று போட்டு முடித்துவிட்டார்கள். தானாகக் கண்ணில் படுவது ‘சீ’. ஒன்றின் பக்கம் கண்ணைத் திருப்புவது ‘லுக்’, அந்தப் பொருளைச் சொல்ல ‘அட்’ கூட வரவேண்டும். நடந்துகொண்டிருப்பதைக் கவனித்துப் பார்ப்பது ‘வொட்ச்’, கிரிக்கெட் மாதிரி.

சூழலை வைத்துச் சொல்லைப் பிடிக்கவேண்டுமென்றால் சூழல் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் புத்தகத்திலோ பனி அள்ளுகிறார்கள், நிலக்கீழ் ரயிலில் போகிறார்கள். வன்னிப் பிள்ளைக்கு ‘டாங்க்’ என்ற ஒரு சொல்லே எவ்வளவு நல்ல பயிற்சி! வான் பாய்ந்தது என்றால் இரணைமடு மாதிரிக் குளம்; மோட்டரை நிறுத்த மறந்ததால் வழிந்தது என்றால் வீட்டுத் தண்ணீர்த் தாங்கி; சங்கிலிச் சில்லில் ஊர்ந்தது என்றால் யுத்த டாங்கி. பக்கத்துச் சொற்கள்தான் கருத்தைத் தீர்மானிக்கின்றன என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

வாங்க முன் கடையிலேயே ஒரு பந்தியை எடுத்து 100 சொல் எண்ணிப் பாருங்கள். உதவியில்லாமல் வாசித்து விளங்க ஏறத்தாழ 98 வீதச் சொற்கள் தெரிந்திருக்கவேண்டும் என்பது ஹூ, நேஷன் என்ற மொழி ஆய்வாளர்கள் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு. தெரியாதவை 2, 3 என்றால் பரவாயில்லை. 10 என்றால் பிள்ளை ஊகிக்காது, குருட்டாம்போக்கில் குறி போடும்.

செய்யும்போது தெரிவுகளை அடிமட்டத்தால் மறையுங்கள். வசனத்தை முற்றுப்புள்ளி வரை வாசித்து, தனக்குத் தோன்றும் சொல்லைப் பென்சிலால் எழுதிய பிறகே அடிமட்டத்தை எடுக்கவேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் வெற்றிடத்தோடு வாசிப்பை நிறுத்திவிடுவார்கள். துப்போ அதற்குப் பின்னால்தான் கிடக்கும். பிழைத்த சொல்லைத் தனியே எழுதாமல், சேர்ந்து வந்த சொல்லோடு கொப்பியில் எழுதி, 3 நாள் கழித்துத் திரும்பச் செய்யவேண்டும். 4 தெரிவு என்பதால் கண்ணை மூடிக் குறி போட்டாலே சராசரியாக 10க்கு 2 அல்லது 3 சரிவரும். அந்தப் புள்ளிக்குச் சந்தோஷப்பட வேண்டாம்.

விடைப் பக்கத்தை வாங்கின அன்றே கிழித்து எடுத்து வையுங்கள். கிழிக்கத் துளைக்கோடு இல்லை, அடிமட்டம் வைத்து மெதுவாக இழுக்கவேண்டும். இல்லாவிட்டால் 60ஆம் பயிற்சியும் கூடவே வந்துவிடும்.