இன்டர்வியூவுக்குத் தயாராவது: பாடமாக்கலா, சாட்ஜிபிடியா, எதிரில் ஓர் ஆளா?

இன்டர்வியூவுக்குக் கூப்பிட்ட பிறகு கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு சில நாட்கள்தான். அந்த நாட்களை எதில் போடுவது? வட்ஸ்அப்பில் சுற்றும் கேள்வி-பதில் பீடிஎஃபைப் பாடமாக்கலாம். சாட்ஜிபிடியைக் கேள்வி கேட்க வைக்கலாம். தெரிந்த ஒருவரை எதிரில் இருத்தி, வாய்விட்டுப் பதில் சொல்லிப் பழகலாம். எனக்கு மூன்றாவதில்தான் நம்பிக்கை. ஆனால் மற்ற இரண்டுக்கும் ஆளுக்கொரு வேலை இருக்கிறது.

பாடமாக்குவதில் உள்ள ஆபத்து, அது தயாராகிவிட்ட உணர்வைச் சீக்கிரமே தந்துவிடுவதுதான். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பந்தியை நான்கு அமர்வுகளிலும் வாசிக்க மட்டும் செய்த மாணவர்கள், 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமை கழித்து அவர்களுக்கு நினைவில் இருந்தது சுமார் 40 வீதம். ஓர் அமர்வில் மட்டும் வாசித்துவிட்டு, பார்க்காமல் மூன்று தடவை நினைவுபடுத்தி எழுதியவர்களுக்கோ சுமார் 61 வீதம். இரவில் எல்லாம் தெரிந்தது போலிருந்து, காலையில் கொழும்புக் கோட்டையில் இன்டர்வியூ குழுவுக்கு முன்னால் கதிரையில் இருந்ததும் மறந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆங்கிலத்தில் வரிக்கு வரி பாடமாக்கினால் நிலைமை இன்னும் மோசம். ஒரு சொல் தவறினால் அடுத்த வரியும் வராது.

பாடமாக்க வேண்டியவை இலக்கங்கள். எதிர்பார்க்கும் சம்பளத்தைக் கேட்டால், மொத்தச் சம்பளத்தைச் சொல்கிறோமா, கைக்கு வருவதைச் சொல்கிறோமா என்று நமக்கே தெரிந்திருக்க வேண்டும். ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) கணக்கிடும் சம்பளம் 80,000 ரூபாய் என்றால், நம் பங்கு 8 வீதம், அதாவது 6,400 ரூபாய் கழிபடும். கம்பனி தன் பங்காக 12 வீதம் ஈ.பி.எஃபுக்கும் 3 வீதம் ஈ.டி.எஃபுக்கும் (ஊழியர் நம்பிக்கை நிதி) கட்ட வேண்டும். அது நம் சம்பளத்தில் வெட்டப்படுவதில்லை. இந்தக் கணக்குத் தெரியாமல் ஒரு தொகையைச் சொல்லிவிட்டு, பிறகு கூட்டிக் கேட்பது கஷ்டம்.

சாட்ஜிபிடி கேள்வி திரட்டுவதில் கெட்டிக்காரன். வேலை விளம்பரத்தையும் உங்கள் சீவியையும் கொடுத்தால், நீங்கள் நினைத்திராத கேள்விகளும் வரும். வெள்ளவத்தை போர்டிங் அறையில் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் தூங்கும்போதும் சத்தமில்லாமல் பழகலாம். ஆனால் பதிலை அதனிடம் எழுதி வாங்காதீர்கள். அந்த ஆங்கிலம் உங்கள் வாயில் ஒட்டாது. கம்பனி பற்றிய தகவலையும் அதனிடம் மட்டும் கேட்டு நம்ப வேண்டாம். கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பனி என்றால், அதன் ஆண்டறிக்கை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

காசு கட்டிப் போகும் வகுப்பு, ஆங்கிலத்தில் கதைக்கவே தயங்குபவருக்கு உதவும், மாதக்கணக்கில் நேரம் இருந்தால்.

இனி எதிரில் இருக்கும் ஆள். செட்டியார் தெரு நகைக்கடையில் கணக்கு எழுதிய ஒருவர், வங்கி வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'ஒரு சிக்கலை எப்படித் தீர்த்தீர்கள்?' என்பது கேள்வி. 'இருப்பில் வித்தியாசம் வந்தது, கண்டுபிடித்தேன்' என்கிறார். செயலி இதைப் பாராட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். ஆள் விடமாட்டார்: எவ்வளவு வித்தியாசம்? முதலில் யாரிடம் சொன்னீர்கள்? பிறகு அது திரும்ப வராமல் என்ன செய்தீர்கள்? நிலைமை, நம் பொறுப்பு, நாம் செய்தது, விளைவு என்ற நாலும் இந்தக் குறுக்குக் கேள்விகளில்தான் ஒழுங்காக வெளியே வருகின்றன. 'நாங்கள் செய்தோம்' என்று எல்லாவற்றையும் பொதுவில் சொல்லும் பழக்கமும் அங்கேதான் பிடிபடும்.

யாரைப் பிடிப்பது? அம்மாவையும் நெருங்கிய நண்பனையும் விடுங்கள், அவர்கள் இரக்கப்படுவார்கள். ஆளெடுத்துப் பழகிய ஓய்வுபெற்ற மனேஜர் மாமா, வேறு துறையில் வேலை செய்யும் அக்கா போன்றவர்கள் நல்லது. நடுவில் மறித்துக் கேட்கச் சொல்லுங்கள். கதையை முதலில் தமிழில் சொல்லுங்கள், விஷயம் நிலைக்கும். அதன் பிறகு அதையே ஆங்கிலத்தில் சொன்னால், சொற்கள் எளிமையாக இருந்தாலும் தொடர்ச்சி அறாது.

கொழும்பில் இன்னொன்றும் இருக்கிறது. ஆங்கிலத்தில் போய்க்கொண்டிருக்கும் இன்டர்வியூ, வாடிக்கையாளரைப் பற்றிப் பேச்சு வந்ததும் சிங்களத்துக்கு மாறலாம். அதற்குச் சிங்கள நண்பர் ஒருவரிடம் பத்து நிமிடம் கேளுங்கள். 'கதைப்பேன், வாசிப்பேன், எழுதுவது குறைவு' என்று உள்ளதை அளவாகச் சொல்வதையும் அவரிடமே சிங்களத்தில் சொல்லிப் பாருங்கள்.